ஊர்ல வாங்கின காணி யாரு பேர்ல இருக்கு?

 

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க. ஞாயித்துக்கிழமை கிராஞ்சி எம்ஆர்டி-யில இறங்கி நம்ம ஆலயத்துக்கு வர்ற தம்பிங்க, பக்கத்து டார்மிட்டரிகள்ல இருந்து நடந்தே வர்ற தம்பிங்க கட்டாயம் படிக்கணும். அவங்களோட பழகுற மத்த பக்தர்களும் படிங்க. இது ஆலய நிர்வாகத்தோட கருத்து இல்ல. அன்னதானக் கூடத்துல சாம்பார் வாளி தூக்குற ஒரு தொண்டூழியரோட சொந்தக் கருத்து.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி, அர்ச்சனைச் சீட்டு எழுதுற மேசையில ஆள் இல்லன்னு என்னை உட்கார வச்சாங்க. டெல்டா பக்கத்துக்காரர் ஒருத்தர், நாப்பது வயசு இருக்கும், பேரு நட்சத்திரம் சொல்லிட்டு நகராம நின்னாரு. "அண்ணே, நிலத்து வழக்கு நல்லபடியா முடியணும்னு குருக்கள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க"ன்னாரு. அப்புறம் சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல உட்கார்ந்து பேசினப்பதான் முழுக்கதையும் தெரிஞ்சுது. அவர் சம்மதத்தோட, அடையாளம் தெரியாத மாதிரி எழுதுறேன்.

பதினஞ்சு வருஷத்துக்கு மேல இங்க உழைச்சிருக்காரு. முதல் ரெண்டு வருஷம் ஏஜென்ட் கடன். அதுக்கப்புறம் ஓடி பார்த்த காசையெல்லாம் அப்பாவுக்கு அனுப்பினாரு. அப்பா நல்ல மனுஷன். ஒரு காசு வீணாக்கல. ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு வாங்கினாரு, ஓரமா ஒரு மாடி வீடும் கட்டினாரு. பையன் சிங்கப்பூர்ல இருக்கான், பத்திர ஆபீசுக்கு யாரு வர்றதுன்னு கிரயப் பத்திரத்தைத் தன் பேர்லயே எழுதிக்கிட்டாரு. பட்டாவும் அவர் பேர்ல. சில வருஷம் முன்னாடி உயில் எழுதாம காலமாயிட்டாரு.

இப்ப அம்மா, இவரு, ஒரு தம்பி, கல்யாணமான ரெண்டு தங்கச்சி. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா பேர்ல இருந்த சொத்துக்கு மனைவி, மகன், மகள் எல்லாரும் சமபங்கு. அதாவது அஞ்சுல ஒண்ணுதான் இவருக்கு. தங்கச்சிகளை நான் குறை சொல்ல வரல. பொண்ணுங்களுக்குப் பங்கு உண்டுன்னு சட்டம் சொல்றது நியாயம். பூர்வீகச் சொத்துல அவங்களுக்கு உரிமை வேணும்னு தமிழ்நாடு 1989-லயே திருத்தம் கொண்டுவந்துச்சு, நாடு முழுக்க 2005-லதான் வந்துச்சு. பிரச்சினை என்னன்னா, இந்தத் தோப்பு பூர்வீகமும் இல்ல, அப்பா சம்பாதிச்சதும் இல்ல. ஆனா காகிதத்துல அப்பா சொத்து.

"என் காசுதானே, கோர்ட்ல சொல்ல மாட்டேனா?"ன்னு கேட்டாரு. இங்கதான் நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. 1988 பினாமி தடைச் சட்டம், 2016-ல திருத்தி இன்னும் கடுமையாக்கினாங்க. நீங்க காசு கொடுத்து இன்னொருத்தர் பேர்ல நிலம் வாங்கினா, அது என்னோடதுன்னு வழக்குப் போட அந்தச் சட்டம் விடாது. விதிவிலக்கு சிலதுதான். மனைவி பேர்லயோ பிள்ளைங்க பேர்லயோ, கணக்குல உள்ள உங்க சொந்த வருமானத்துல வாங்கலாம். அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சின்னா பத்திரத்துல உங்க பேரும் கூட்டு உரிமையாளரா சேர்ந்து இருக்கணும். அப்பா பேர் மட்டும் இருந்தா அந்த விலக்குக்குள்ள வராது. விவரம் தெரியாம, பாசத்துல செஞ்ச ஒரு காரியம் எங்க கொண்டுபோய் நிறுத்துது பாருங்க.

காசு அனுப்பினதுக்கு என்ன ஆதாரம்னு கேட்டேன். பையில இருந்து ஒரு பிளாஸ்டிக் உறை எடுத்தாரு. லிட்டில் இந்தியாவுல பணம் அனுப்பின கடை ரசீதுகள். அந்த வழவழப்புத் தாள்ல எழுத்தே இல்ல, எல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு. அதுவாவது பரவாயில்ல. சிலர் 'உண்டியல்'ல அனுப்புறாங்க (கோயில் உண்டியல் இல்ல, உங்களுக்குத் தெரியும்). அதுக்கு வெளுத்துப் போக ரசீதே கிடையாது.

இதைப் படிக்கிற சில பெரியவங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். "அப்பன் மகனுக்குள்ள, அண்ணன் தம்பிக்குள்ள பத்திரம் கேட்டா குடும்பமா அது?" என்கிட்ட நேர்லயே ஒருத்தர் கேட்டுட்டாரு. நான் அவர்கிட்ட கேட்டது இதுதான்: நம்ம கோயில் உண்டியலைத் திறக்குறப்ப ஏன் ஒரே ஆள் எண்றதில்ல? நாலு பேர் சுத்தி உட்கார்ந்து எண்ணி, எழுதி, கையெழுத்துப் போடுறோம். பத்து வெள்ளி நன்கொடைக்கும் ரசீது கிழிச்சுக் கொடுக்குறோம். அங்க யாரும் யாரையும் திருடன்னு நினைக்கல. நாளைக்கு ஒரு பேச்சு வந்து, ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க முடியாம போயிடக் கூடாதுன்னுதான். இந்தத் தோப்பு விஷயத்துல கூட யாரும் கெட்டவங்க இல்ல. அப்பா இருக்கும்போதே மகன் பேரையும் சேர்த்து எழுதியிருந்தா, இன்னைக்கு அந்த அம்மா ரெண்டு பிள்ளைங்களுக்கு நடுவுல அழுதுக்கிட்டு நிக்க வேண்டியதில்ல.

தம்பிங்க பாதுகாப்புன்னா கேமராவைத்தான் நினைக்கிறாங்க. டார்மிட்டரி கட்டில்ல படுத்துக்கிட்டு, போன்ல ஊர் வீட்டு வாசலைப் பார்க்குற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். மனைவியும் பிள்ளையும் தனியா இருக்காங்க, வயக்காட்டுக்கு நடுவுல வீடு. பயம் நியாயமானதுதான். ஆனா அந்த கேமராவுல சுவர் ஏறிக் குதிக்கிறவன் மட்டும்தான் தெரிவான். வருஷா வருஷம் ஒரு முழம் தள்ளிப் போற வரப்பு தெரியாது. தாலுகா ஆபீஸ்ல பட்டா யார் பேருக்கு மாறியிருக்குன்னு தெரியாது. 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் கரையைக் கடந்தப்போ, இங்க எத்தனை பேர் தூங்காம போனைக் கையில வச்சுக்கிட்டு இருந்தாங்க, ஞாபகம் இருக்கா? வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை அப்படியே சாய்ஞ்சுது. நிவாரணம்னு போனா முதல்ல கேட்கிறது பட்டாவும் அடங்கலும்தான். நட்டு வளர்க்கக் காசு அனுப்பினது யாருன்னு எந்த ஆபீசர் கேட்பாரு?

இது நம்ம ஊர் வழக்கம் மட்டும்னு நினைக்காதீங்க. எங்க வீட்டுல அம்மாவைப் பார்த்துக்கிற அக்கா மத்திய ஜாவாவுல ஒரு கிராமம். அவங்க ஊர்ல ராத்திரி ஆம்பளைங்க முறை வச்சு 'ரோண்டா' சுத்துவாங்களாம். ஆபத்துன்னா மரத்துல குடைஞ்ச 'கெந்தோங்கான்' தட்டுவாங்க, ஊரே எழுந்துடும். ரோண்டா வர்றவங்க எடுத்துக்கிட்டுப் போக ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஒரு சின்ன டப்பாவுல கொஞ்சம் அரிசி வைப்பாங்களாம். நம்ம பிடியரிசி மாதிரியே! கேட்க எவ்வளவு அழகா இருக்கு. அந்த ஊர்ல கோழி கூட களவு போகாதுன்னு சொல்லிச் சிரிச்சாங்க. ஆனா இங்க உழைச்சு அவங்க கட்டின வீடு நிக்கிற மனைக்கு 'கிரிக்'னு ஒரு பழைய காகிதம்தான் இருக்கு, அதுவும் மாமா பேர்ல. கிரிக்ங்கிறது வரி கட்டினதுக்கு அடையாளம், உரிமைச் சான்றிதழ் இல்ல. அங்க அரசாங்கமே அதையெல்லாம் முறைப்படி பதிவு பண்ணச் சொல்லிக்கிட்டு இருக்கு. ஊரே காவல் காத்தாலும் காகிதத்தைக் காவல் காக்க ஊரால முடியல.

இங்கயும் அப்படித்தான். நம்ம பெரியவங்க கம்பத்து வாழ்க்கையைப் பத்தி சொல்றப்ப, "கதவையே பூட்ட மாட்டோம்"னு பெருமையா சொல்வாங்க. உண்மைதான். ஆனா கதவு நின்ன நிலம் பெரும்பாலும் அவங்களோடது இல்ல. 1966 நில எடுப்புச் சட்டம் வந்து கம்பங்கள் ஒவ்வொண்ணா கலைஞ்சப்போ, எத்தனை வருஷம் இருந்தோம்ங்கிறதை விட கையில என்ன காகிதம் இருக்குங்கிறதுதான் பேசுச்சு.

சரி, என்ன செய்யலாம்? முதல்ல பாருங்க. போன்லயே பார்க்கலாம். பத்திரம் பதிவுத்துறை, பட்டா வருவாய்த்துறை. ரெண்டும் வேற வேற ஆபீஸ், ஒண்ணுல உங்க பேர் இருந்தா இன்னொண்ணுல இருக்கும்னு அர்த்தமில்ல. பதிவுத்துறை இணையதளத்துல வில்லங்கம் பார்க்கக் காசு கிடையாது. சர்வே நம்பர் தெரிஞ்சா போதும். பட்டா, சிட்டாவும் இணையத்துல வருது. 1980-கள்ல நடந்த யுடிஆர் கணக்கெடுப்புல பேர் தப்பா ஏறினது இன்னைக்கு வரைக்கும் திருத்தாம கிடக்கிற குடும்பங்கள் நிறைய.

இனிமே வாங்கப் போறவங்க உங்க பேரைச் சேர்த்தே வாங்குங்க. ஊருக்குப் போக முடியலன்னா பவர் கொடுக்கலாம். கிரேஞ்ச் ரோட்டுல இருக்கிற இந்தியத் தூதரகத்துல சான்று வாங்கி அனுப்பணும். அது இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்து 3 மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டணும், பீரோவுல வச்சு மறந்துடாதீங்க. ஒரு விஷயம் கவனம்: வாங்குறதுக்குத்தான் பவர் தேவைன்னா, வாங்குறதுக்கு மட்டும் கொடுங்க. எல்லாத்துக்கும் சேர்த்து பொது அதிகாரம் எழுதிக் கொடுத்துட்டு, அப்புறம் வித்துட்டாங்கன்னு அழுது பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு சொல்ல மனசு வரல, ஆனா சொல்லணும். நம்ம வேலை உயரத்துல, கிரேனுக்குக் கீழ, லாரி மேல. கல்யாணமான ஒருத்தர் உயில் எழுதாம போயிட்டா, அவர் சொத்து அம்மா, மனைவி, பிள்ளைங்களுக்குச் சமமாப் போகும். அப்பா அந்த முதல் வரிசையில இல்ல. வயசான அப்பாவுக்கு ஏதாவது இருக்கணும்னு நினைச்சா உயில் எழுதணும். ரெண்டு சாட்சி வச்சு வெள்ளைத் தாள்ல எழுதினாலும் செல்லும்.

நான் வக்கீல் இல்ல. தப்பு இருந்தா தெரிஞ்சவங்க கீழ திருத்துங்க, கோவிச்சுக்க மாட்டேன். வர்ற ஞாயிறு மதிய பூஜை முடிஞ்சு, அன்னதானக் கூடத்துல கை கழுவுற இடத்துக்குப் பக்கத்து மேசையில இருப்பேன். ஊர்ப் பத்திரத்தை வாட்ஸ்அப்ல படம் எடுத்து அனுப்பச் சொல்லி வாங்கிட்டு வாங்க, சேர்ந்து உட்கார்ந்து வில்லங்கம் பார்ப்போம். போன வாரம் மூணு பேர் வந்தாங்க. ரெண்டு பேருக்கு எல்லாம் சரியா இருந்துச்சு. மூணாவது தம்பி அங்கயே உட்கார்ந்து ஊருக்கு போன் போட்டாரு, அவங்க அப்பா இந்த வாரம் சார்பதிவாளர் ஆபீசுக்குப் போறாராம்.