கடலை அளந்தால் போதுமா?

வங்காள விரிகுடாவில் புயல் எழுவது புதிதன்று. புயலுக்கு இரையாகும் உஷ்ணம் சமுத்திரத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கிறதென்பதை முன்கூட்டியே மதிப்பிடும் சக்தி விஞ்ஞானிகளுக்கு உண்டாகியிருப்பதுதான் புதிது. இந்த அறிவு கடலில் உயிரைப் பணயம் வைத்துத் தொழில் செய்பவனுக்கு எவ்வளவு தூரம் பயன்படுகிறதென்பதே நாம் இன்று விசாரிக்க விரும்பும் விஷயம்.

1992-ம் வருஷத்தில் அமெரிக்காவும் பிரான்ஸும் சேர்ந்து 'டோபெக்ஸ்-பொஸைடன்' என்னும் செயற்கைக் கோளை அனுப்பின. அது சுமார் 1,300 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரேடார் அலைகளைக் கடல்மீது செலுத்தி, அவை திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு கடல் மட்டத்தைச் சில சென்டிமீட்டர் பிசகுக்குள் அளந்தது. அதன் வழிவந்த கோள்கள் இன்றும் அவ்வேலையைச் செய்து வருகின்றன. 2013-ல் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து கிளம்பிய 'சரல்' என்னும் இந்திய-பிரெஞ்சுக் கோளும் அதில் பங்குகொண்டது. நீர் சூடேறினால் விரியும். ஆதலால் ஆழம்வரை சூடேறிய இடத்தில் கடல் சற்று மேடாக நிற்கும். அந்த மேட்டைக் கொண்டு அடியிலுள்ள உஷ்ணத்தை மதிப்பிட்டு, கணித மாதிரிகளில் சேர்த்து, புயல் எவ்வளவு வலுக்கும் என்று கணிக்கிறார்கள். 1993 முதல் உலகக் கடல் மட்டம் சராசரியாகச் சுமார் 10 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதும் இவ்வளவையினாலேயே திட்டமாகத் தெரிந்தது.

கணிப்பு நிச்சயமாகுமா என்று சிலர் கேட்கலாம். நியாயஸ்தலங்கள்கூட சந்தேகத்தின் நிழலும் படாத ருசுவைக் கேட்பதில்லை. விவேகமுள்ள மனிதன் நம்பி நடக்கக் கூடியதாக இருந்தால் போதும் என்கின்றன. கடலோரத்து ஜனங்களின் உயிர் விஷயத்தில் சர்க்கார் அதற்கு மேல் ருசுக் கேட்பது நியாயமாகாது.

ஒடிஷாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் 29-ந் தேதி அங்கே வீசிய புயலில் சுமார் 10,000 பேர் மாண்டார்கள். 2019 மே 3-ந் தேதி 'ஃபானி' புயல் பூரிக்கு அருகே கரை கடந்தபோது அந்த ராஜ்யத்தில் மாண்டவர்கள் 64 பேர். முந்திய புயலே அதிக உக்கிரமானதென்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பிராணநஷ்டத்தில் கண்ட பேதம் அதனால் மட்டும் விளைந்ததன்று. 1999-லும் ஆகாயத்தில் கோள்கள் இருந்தன, எச்சரிக்கையும் வந்தது. ஒதுங்கப் போதிய இடமும், ஜனங்களை அழைத்துச் செல்லும் ஏற்பாடுமே இல்லை. பின்னர் 800-க்கு மேற்பட்ட காப்பகங்கள் எழுந்தன. ஃபானி வருமுன் சுமார் 12 லட்சம் பேர் அப்புறப்படுத்தப்பட்டார்கள்.

இதற்கு மாறான சாட்சி கன்னியாகுமரிக் கடல். 2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே 'ஒக்கி' புயலாகிவிட்டது. பல நாள் தங்கலாக ஆழ்கடல் சென்றிருந்த மீனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் வீடு திரும்பவில்லை. கோளின் கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து, படகிலிருந்தவன் காதுக்கு எட்டாமற் போயிற்று.

அதன் பின்னர் சர்க்கார் சும்மா இருந்ததென்று சொல்லமாட்டோம். 2019-ல் 'ஜெமினி' என்னும் கருவி வந்தது. அது எச்சரிக்கையைப் பெறும், பதில் அனுப்பாது. இருவழிச் செய்திக் கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024-ல் ஆரம்பமாயிற்று. இதை மனமார வரவேற்கிறோம். ஆனால் கருவி மட்டும் படகைத் திருப்பிவிடாது. டீசலுக்கும் ஐஸுக்கும் கடன் வாங்கிக் கடலுக்குப் போனவன், எச்சரிக்கையை மதித்து வெறும் வலையோடு திரும்பினால் அந்தக் கடனை யார் தீர்ப்பது? இதற்கு விடை சொல்லாத வரையில், அவனைத் துணிச்சல்காரனென்று பழிப்பதில் நியாயமில்லை.

ஆகவே, எச்சரிக்கை மீனவன் பேசும் பாஷையில் எட்ட வேண்டும். கருவிகள் பழுதானால் உடனே மாற்றித் தர வேண்டும். எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிந்து திரும்பும் படகுகளுக்கு நஷ்டஈடு சட்டப்படி உரித்தாக வேண்டும். கோள்களை ஏவுவது ஜனங்களின் வரிப்பணம். அந்த அறிவும் ஜனங்களின் சொத்தே. அதைக் கடைசிப் படகு வரையில் கொண்டு சேர்ப்பது சர்க்காரின் தயவன்று, கடமையாகும்.