உப்பிட்டவரும் உப்பு விற்பவரும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில் படப்பையைக் கடந்து செல்வோர், மருந்துக்கடை முகப்புகளில் சரஞ்சரமாகத் தொங்கும் வண்ணப் பொட்டலங்களைக் கண்டிருக்கக்கூடும். ஆரஞ்சு, எலுமிச்சை, ஆப்பிள் எனச் சுவைக்கொன்றாகத் தொங்கும் அவை எலக்ட்ரோலைட் பொடிகள். பாடநூல் தமிழில் மின்பகுளி. அதிகாலையில் அரைமணி நேரம் நடந்துவிட்டு வருவோர் பொட்டலம் ஒன்றைக் கிழித்துப் புட்டியில் கொட்டிக் குலுக்கும் காட்சி புறநகர் வாழ்வின் அன்றாடச் சடங்குகளுள் ஒன்றாகிவிட்டது. நம் கல்லூரி மாணவர்களும் உடற்பயிற்சிக்கூடத்திலிருந்து அந்தப் புட்டியோடுதான் வகுப்பிற்குள் நுழைகின்றனர்.

இது தேவைதானா என்னும் வினாவிற்கு விடை எளிது: பெரும்பாலோர்க்குத் தேவையில்லை. ஆயினும் அவ்விடையோடு நிறுத்திக்கொள்ள நமக்கு மனமில்லை. இந்தப் பொட்டலத்திற்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றின் மதிப்பைத்தான் இன்று கடைச்சரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

1971. வங்கதேசப் போரின்போது எல்லை கடந்து வந்த ஏதிலியர் முகாம்களில் காலரா பரவியது. பன்கான் மருத்துவமனையில் நரம்புவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹலனாபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டிற்கும் கீழே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் ஆகப்பெரிய மருத்துவ முன்னேற்றமாக இது அமையக்கூடும் என 1978-இல் 'லான்செட்' இதழ் எழுதியது. மஹலனாபிஸ் 2022-இல் மறைந்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அவருக்கு மறைவிற்குப்பின் வந்தது. நம் நாட்டில் விருதுகளின் நடைவேகம் அத்தகையது.

அக்கரைசலில் சர்க்கரை சேர்ந்தது சுவைக்காக அன்று. குடற்சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து உள்ளே செல்கின்றன. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. ஆகவே அளவே அதன் உயிர். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய சூத்திரப்படி ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், இவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். சர்க்கரை மிகுந்தால் வயிற்றுப்போக்கு தணிவதற்கு மாறாக மிகும். ஆனால் இதே 'ஓ.ஆர்.எஸ்.' என்னும் பெயரின் நிழலில் பன்மடங்கு சர்க்கரை கொண்ட பழச்சுவைப் பானங்கள் ஆண்டுக்கணக்கில் விற்கப்பட்டன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல்லாண்டுகள் இதனை எதிர்த்துப் போராடிய பின்னரே, 2025 அக்டோபரில், சூத்திரத்திற்கு உட்படாத பானங்கள் அப்பெயரைச் சூடக்கூடாதென உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆணையிட்டது. ஒரு சொல்லைத் திருடுவதும் கலப்படமே என்பதை மொழி கற்பிக்கும் நாம் எளிதில் உணர்வோம்.

இனி நடப்போரிடம் வருவோம். 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது, நற்செயல். அந்த 8 கிலோமீட்டரை ஒருவர் நடந்தே முடித்தாலும், நம் கடற்காற்றுப் புழுக்கத்தில் ஒரு லிட்டரையொட்டி வியர்வை சிந்தலாம். வியர்வை நம் இரத்தத்தைவிட உப்புக் குறைந்த நீர். எனவே உடல் உப்பைவிட நீரையே மிகுதியாக இழக்கிறது. அதனால்தான் தாகம் எடுக்கிறது. இழந்த உப்போ ஆளுக்கு ஆள் வேறுபடினும், பெரும்பாலும் இரண்டு மூன்று கிராமுக்குள் அடங்கும். அதனை ஈடுசெய்ய இட்லி, சாம்பார், ஒரு துண்டு ஊறுகாய் போதும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாம் 8 கிராம் அளவிலும் அதற்கு மேலும் உண்கிறோம் என்கின்றன ஆய்வுகள். இரத்த அழுத்தத்திற்கு ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் உப்புப் பொடியுமாக நடக்கும் நண்பர்களைப் பார்க்கையில் சிரிப்பதா வருந்துவதா என்று தெரிவதில்லை. சிறுநீரகம் தளர்ந்தவர்க்குப் பொட்டாசியம் கூடுவது இதயத்திற்கே கேடு. இளநீரையும் அவர்கள் மருத்துவரைக் கேட்டே பருக வேண்டும்.

"மாரத்தான் ஓடுவோருக்குமா வேண்டாம்?" என்று கேட்கலாம். மணிக்கணக்கில் ஓடுவோர், வெயிலில் பயிலும் வீரர் ஆகியோர்க்கு உப்பு வேண்டும், மறுப்பில்லை. ஆனால் 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களை ஆராய்ந்தபோது, 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. காரணம், அவர்கள் மிகையாகக் குடித்திருந்தனர். குடித்தது வெறும் நீரா விளையாட்டுப் பானமா என்பது பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. தாகத்தின் சொல் கேளாமல் விளம்பரத்தின் சொல் கேட்பதில் இப்படியும் ஓர் இடர் உண்டு.

அப்படியானால் இந்த உப்பு யாருக்கு வேண்டும்? அதே சாலையில் ஒரகடம் நோக்கிச் சற்றுத் தொலைவு சென்றால் விடை கிடைக்கும். தொழிற்சாலைகளுக்குக் கட்டடம் எழுப்புவோர், சுமை ஏற்றுவோர், உச்சிவெயிலில் சாலை செப்பனிடுவோர் ஆகியோர் எட்டு மணி நேரம் சிந்தும் வியர்வைக்குமுன் நம் அரைமணி நடை எம்மாத்திரம்? பொட்டலச் சரம் தொங்குவது நடப்போர் வாங்கும் கடையில். உழைப்போர் நிற்கும் இடத்தில் பல வேளைகளில் தண்ணீர்க்குடமும் இல்லை.

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' படித்தவர்க்குத் தூத்துக்குடி உப்பளத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. உலகிற்கு உப்பு விளைவிப்போரே தம் உடலின் உப்பையும் நீரையும் இழந்து நிற்கும் முரண் அது. அந்நாவல் பழையதாயிற்று, நிலை பழையதாகவில்லை. தமிழக உப்பளங்களில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் மேற்கொண்ட ஆய்வு, தொழிலாளர்களுள் மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் உழைப்பதையும் அவர்களுள் சிலரது சிறுநீரகம் தளர்ந்திருப்பதையும் பதிவுசெய்தது. கழிப்பறை இல்லாத பணியிடங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கின்றனர். அவர்களுக்குப் பொட்டலம் தந்தால் மட்டும் என்ன பயன்? நிழலும் இடைவேளையும் கதவுள்ள கழிப்பறையும் சேர்ந்தால்தான் அந்த உப்புநீர் உள்ளே இறங்கும். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த அரசு, இவற்றை நிறுவனங்களின் கடமையாகவே ஆக்க வேண்டும்.

நம் மாணவர்க்குச் சொல்வது இதுதான்: நடந்தபின் தண்ணீர் குடியுங்கள், விரும்பினால் உப்பிட்ட மோர், இருந்தால் நீராகாரம். கல்லூரி விளையாட்டு விழாவிற்கு விளம்பரப் பானம் வாங்க ஒதுக்கும் தொகையை இவ்வாண்டு வாயிற்காவலர்க்கும் துப்புரவுப் பணியாளர்க்கும் ஒரு நிழற்கூரையும் குடிநீர்த்தொட்டியும் அமைக்கத் தரலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் முன்மொழிந்திருக்கிறோம். மெய்யான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்குச் சுவைவகை ஏதும் இல்லை.