176 காரும் மூணு மாடும்

2021 பிப்ரவரியில் ஒரு நாள், ஜாவாவில் ஒரு கிராமத்துக்குள் லாரிகள் வரிசையாக நுழைந்தன. நெல் மூட்டை இல்லை, உர மூட்டை இல்லை. ஒவ்வொரு லாரியின் முதுகிலும் புத்தம் புதுக் கார்! கிழக்கு ஜாவா, துபான் மாவட்டம், சுமுர்கெனெங் என்று ஊர்ப் பெயர். அந்த ஒரே ஊரில் வாங்கிய புதுக் கார்கள் 176 என்று பத்திரிகைகள் கணக்குச் சொல்லின. வாங்கினவர்களில் சிலருக்கு ஓட்டத் தெரியாதாம். அதனாலென்ன, கார் முதலில் வரட்டும், டிரைவிங் மெள்ள வரும்!

லாட்டரி ஏதும் விழவில்லை. அரசு எண்ணெய் கம்பெனியான பெர்ட்டமினா, சுத்திகரிப்பு ஆலை கட்ட அங்கே நிலம் எடுத்தது. ஆரம்பத்தில் 'தரமாட்டோம்' என்று முறுக்கிக்கொண்டவர்களும் உண்டு. கடைசியில் பணம் வந்தது. குடும்பத்துக்குச் சராசரியாக 800 கோடி என்று சொன்னார்கள்.

பதறாதீர்கள். ரூபாய் இல்லை, ருப்பியா. அப்போது நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 200 ருப்பியா. வகுத்துப் பார்த்தாலும் நாலு கோடி தேறுகிறது.

இதைப் படித்ததும் ஆபீஸ் கான்டீனில் ஒரு குரல் கேட்குமே... "ஸார், அந்த மாதிரி ஊர்ல இப்பவே ஒரு கிரவுண்டு வளைச்சுப் போட்டா என்ன? பச்சை வயல், பின்னால எரிமலை, ரிட்டையர் ஆனதும் ஈஸி சேர்..."

அருமையான கனவு. ஒரே ஒரு இடைஞ்சல், சட்டம்.

இந்தோனேஷியாவின் நிலச் சட்டம் 1960-ல் வந்தது. அதன்படி முழுச் சொந்த உரிமை, அதாவது 'ஹக் மிலிக்', அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளியூர்க்காரருக்கு 'ஹக் பக்காய்' என்று ஒரு அனுபவ உரிமை. 2021-ல் வந்த விதிப்படி முதலில் 30 வருஷம், நீட்டித்தால் 20, புதுப்பித்தால் இன்னொரு 30. ஆக, 28 வயதில் வாங்கினால் 108 வயது வரை உங்களுக்குக் கவலையில்லை. அதிலும் வெளிநாட்டுக்காரர் வாங்கும் வீட்டுக்கு மாகாண வாரியாகக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்கள். சல்லிசாக வாங்கச் சட்டமே விடாது!

"உள்ளூர் ஆள் பேர்ல பினாமியா வாங்கிட்டா?"

நம்ம ஆள் கேட்பான் என்று 1960-லேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 26-வது பிரிவு. அப்படிச் சுற்றி வளைத்து வாங்கினால் கிரயம் செல்லாது. நிலம் அரசாங்கத்துக்குப் போய்விடும். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. ஒரே பிரிவில் மூன்று அடி.

"அந்த ஊர்ப் பொண்ணையே கல்யாணம் பண்ணிக்கிட்டா?"

வாழ்த்துக்கள். ஆனால் கல்யாணத்துக்குப் பின் வாங்குவது இருவருக்கும் பொதுச் சொத்து. அதனால் மனைவியின் ஹக் மிலிக்குக்கும் ஆபத்து. 'அவள் சொத்து வேறு, என் சொத்து வேறு' என்று ஒப்பந்தம் எழுத வேண்டும். முன்பெல்லாம் அதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே எழுதியாக வேண்டும். பிறகும் எழுதலாம் என்று 2016-ல் அரசியல் சாசன நீதிமன்றம் சலுகை காட்டியது. முதலிரவில் பேச நல்ல சப்ஜெக்ட்.

மிச்சம் இருப்பது வாடகை. அதற்கு அங்கே 'சேவா' என்று பெயர். நம் சேவைதான். வீட்டுச் சொந்தக்காரர்கள் கேட்டால் பூரித்துப் போவார்கள்.

வெளிநாட்டுக்காரனுக்குத்தான் இந்தக் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். ஜகார்த்தாவில் கம்பெனி வேலை பார்க்கும் ஒரு ஜாவாக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ல் போட்ட விதிப்படி, விவசாய நிலம் வைத்திருப்பவர் அந்த நிலம் இருக்கும் தாலுகாவில் குடியிருக்க வேண்டும். பக்கத்துத் தாலுகா என்றால் பரவாயில்லை, அரசு ஊழியருக்கு விலக்கு உண்டு. மற்றபடி, பட்டணத்தில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்துகொண்டு கிராமத்து வயலுக்குச் சொந்தக்காரனாக இருக்கக்கூடாது. எத்தனை பேர் இதை மதிக்கிறார்கள் என்பது வேறு கதை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? மதுரா தீவையும் சேர்த்தால் ஜாவா ஏறக்குறைய நம் தமிழ்நாடு சைஸ். ஆனால் 2020 ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே 15 கோடிப் பேர். நம் ஊரைப்போல இரண்டு மடங்கு ஜனம் அதே இடத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டு, நெல்லும் விளைவிக்க வேண்டும். அரை ஹெக்டேருக்கும் குறைவாக, அதாவது ஒண்ணேகால் ஏக்கர் கூட இல்லாதவரை 'குரெம்' விவசாயி என்பார்கள். குரெம் என்றால் கோழிப் பேன்! குடும்பத்துக்கு 2 ஹெக்டேராவது இருக்கவேண்டும் என்று 1960-ல் ஒரு சட்டம் ஆசைப்பட்டது. ஆசைப்பட்டதோடு சரி.

இருக்கிற துண்டு நிலத்துக்கும் பல பேரிடம் உருப்படியான பத்திரம் கிடையாது. 'கிரிக்' என்று பழைய வரிச் சீட்டு ஒன்று, தாத்தா பேரில், பரண் மேல் இருக்கும். 2017 முதல் அரசாங்கம் ஊர் ஊராக அளந்து சர்ட்டிபிகேட் கொடுக்க ஆரம்பித்தது. கிரிக்கை ஐந்து வருஷத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் அதை அத்தாட்சியாக ஏற்கமுடியாது என்று 2021-ல் கெடுவும் வைத்தது. பரண்கள் சுத்தமாயின.

ஊர்த் தலைவர் 'கெபாலா தேசா'. கபாலம், தேசம் இரண்டும் நமக்குத் தெரிந்த வார்த்தைகள்தான். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024 முதல் பதவிக்காலம் எட்டு வருஷம். ஜாவாவில் அவருக்கு வெகு காலமாகச் சம்பளம் என்ன தெரியுமா? வயல்! 'பெங்கோக்' என்று பெயர். பதவியில் இருக்கும்வரை உழுது சாப்பிடலாம், குத்தகைக்கும் விடலாம். விற்க முடியாது. பதவி போனால் வயலும் போச்சு. நம் ஊர் ஊழிய மானியம் ஞாபகம் வருகிறதா?

சரி, வாடகைக்கே போய் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே தெரு லீடரிடம் போய் 'வந்திருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். உங்கள் மச்சான் ஒரு நாள் தங்க வந்தாலும் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ராத்திரி ரோந்துக்கு முறை வரும். மரத்தில் குடைந்த 'கென்தோங்கான்' கட்டையைத் தட்டிக்கொண்டு தெருவைச் சுற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் தூர் வாரக் கூப்பிடுவார்கள். ஆபீஸ் டயர்டு என்று படுத்திருக்க முடியாது. மாதா மாதம் 'அரிசான்' உண்டு, சாட்சாத் நம்ம குலுக்கல் சீட்டேதான். கல்யாணத்துக்கு மொய்க் கவர்.

எது கேட்டாலும் சிரித்த முகத்தோடு "இங்கீ" என்பார்கள். அகராதியில் அதற்கு 'ஆமாம்' என்று அர்த்தம். நடைமுறையில் 'நீங்க சொல்றது காதுல விழுந்துச்சு' என்றுகூட இருக்கலாம். கொத்தனாரிடம் நாள் கேட்கும்போது இந்த வித்தியாசம் புரியும்.

இந்த ரோந்து, சீட்டு, மொய் எல்லாம் ஊரை ஒட்டவைத்திருக்கும் பசை. பையனுக்கு வேலை போனாலும், வெள்ளாமை பொய்த்தாலும், பக்கத்து வீட்டில் ஒரு பிடி சோறு உண்டு. ஒண்ணேகால் ஏக்கர் கூட இல்லாதவர்கள் பிழைத்துக் கிடப்பது இப்படித்தான். நிலத்துக்கு மீட்டர் விலை போடுகிற புரோக்கர் இதற்கு விலை போடமாட்டார்.

இப்போது மறுபடி துபான். கார்கள் வந்து ஒரு வருஷம் முடியவில்லை. 2022 ஜனவரியில், ஆலையைச் சுற்றியுள்ள ஆறு கிராமத்து ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கொடு என்பது கோரிக்கை. அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியவர் பத்திரிகைக்காரர்களிடம் வருத்தப்பட்டார். நிலத்தை விற்றது தப்பாகிவிட்டது, இப்போது சாப்பாட்டுக்கு மாட்டை விற்கிறேன் என்றார். ஆறு மாடு இருந்தது, மூன்று போய்விட்டது, பாக்கி மூன்று.

தலைவருக்குப் பணமாகக் கொடுக்காமல் வயலாகக் கொடுத்த அந்தக் காலத்து ஜாவாக்காரர்களை நினைத்துக்கொண்டேன். விற்கக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள் பாருங்கள், அங்கே இருக்கிறது சூட்சுமம். நிலப் பணம் ஒரு தடவைதான் வரும். மகசூல் வருஷா வருஷம் வரும்.

ஊரில் உங்கள் அப்பா பேரில் ஏதாவது துண்டு நிலம் இருந்து, புரோக்கர் அடிக்கடி போன் செய்தால், கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிஷம் அந்தப் பெரியவரின் தொழுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு கன்று போடும். 176 காரில் ஒன்றுகூட இதுவரை ஒரு ஸ்கூட்டரைக் கூடப் போட்டதாகத் தகவல் இல்லை.