கடன் நிவாரணமும் குத்தகைக் குடியானவரும்

குடியானவரின் கடன் சுமையைக் குறைக்கச் சர்க்கார் சட்டம் இயற்றுவது இந்நாட்டிற்குப் புதிதன்று. ஆயினும் அச்சட்டங்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே முதலில் கேட்டு வந்திருக்கின்றன. நிலம் எவர் பெயரில் இருக்கிறது? கடனுக்குச் சான்று என்ன? இவ்விரண்டிற்கும் விடை வைத்திருந்தவர் பயன் பெற்றனர், இல்லாதவர் விடப்பட்டனர். பிறர் நிலத்தை உழுது பிழைப்பவரே பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். இக்குறையை நீக்குவது புதியதொரு சட்டத்தைக் காட்டிலும் நிலச்சுவான்தார்களையும் கிராம அதிகாரிகளையுமே பொறுத்திருக்கிறது.

1929-க்குப் பின் உலகெங்கும் விலைவாசி வீழ்ந்தபொழுது நெல்லின் விலையும் சரிந்தது. கடனும் வட்டியும் அதற்கேற்பக் குறையவில்லை. சென்னை மாகாணத்துக் குடியானவர்களின் கடன் ஏறக்குறைய 150 கோடி ரூபாய் என்று 1929-30-ஆம் ஆண்டின் மாகாண பாங்கி விசாரணைக் கமிட்டி மதிப்பிட்டது. 1936-இல் கடன் சமரசச் சட்டம் பிறந்தது. அது இரு தரத்தாரையும் ஒப்பச் செய்து கடனைத் தீர்க்க முயன்றது. ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரிசபை 1938-இல் நிறைவேற்றிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமோ அவ்வளவில் நிற்கவில்லை. கடனையே சட்டத்தின் வலிமையால் குறைத்தது.

அச்சட்டப்படி 1932 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முற்பட்ட கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1-இல் நிலுவையாயிருந்த வட்டி முழுவதும் தள்ளுபடியாயிற்று. வட்டியாகவோ அசலாகவோ அசலைப் போல் இரு மடங்கு கொடுத்திருந்தால் கடனே தீர்ந்ததாகக் கருதப்பட்டது. உதாரணமாக, 1928-இல் 300 ரூபாய் வாங்கிய ஒருவர் பல தவணைகளில் 600 ரூபாய் கட்டியிருந்தால் அவர் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. 450 ரூபாய் கட்டியிருந்தால் பாக்கி 150 ரூபாயே. 1932 அக்டோபர் 1 முதல் ஏற்பட்ட கடன்களுக்குச் சட்டம் அமலாகும் வரை ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் தனிவட்டி கணக்கிடப்பட்டது. சட்டத்திற்குப் பிற்பட்ட கடன்களுக்கு ரூபாய்க்கு மாதம் ஒரு தம்பிடி, அதாவது ஆண்டுக்கு நூற்றுக்கு 6¼, என்று உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. நோட்டை மாற்றி எழுதி வட்டியை அசலாக்கியிருந்தாலும், முதலில் கைமாறிய தொகையையே அசலாகக் கொள்ள வழி இருந்தது. ஆகவே, பழைய நோட்டையும் ரசீதுகளையும் காத்து வைத்தவருக்கே இச்சட்டம் முழுப் பயனளித்தது.

இத்துணைச் சிறந்த சட்டத்திற்கும் ஒரு வேலி இருந்தது. விவசாய நிலத்தில் சட்டம் ஒப்பிய உரிமை உடையவரே இதன்படி விவசாயியாவார். வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவருக்கும் கூலியாளுக்கும் அவ்வுரிமை இல்லை. நகராட்சி, கண்டோன்மெண்டு எல்லைகளுக்கு உட்பட்ட நிலமும் இக்கணக்கில் சேரவில்லை. ஆகையால், செங்கற்பட்டு ஜில்லாவில் அந்நாளில் கிராமமாக இருந்த தாம்பரத்தின் பட்டாதாரருக்குக் கிடைத்த பயன், பரங்கிமலைக் கண்டோன்மெண்டு எல்லைக்குள் மட்டும் நிலம் வைத்திருந்தவருக்கு எட்டவில்லை. கிராமப்புறக் கடனை ஆராய்ந்து டாக்டர் பி. வி. நாராயணசாமி நாயுடு 1946-இல் வெளியிட்ட அறிக்கை இதன் விளைவை விளக்கிற்று. யுத்த காலத்து விலையேற்றத்தாலும் பெரிய நிலக்காரர்களின் கடன் வெகுவாகக் குறைந்தது. நிலமற்ற கூலியாட்களின் கடனோ கூடிற்று.

பிற்காலத்து நிவாரணங்களிலும் இக்குறை தொடர்ந்தது. 2008-இல் மத்திய சர்க்கார் சிறு, குறு விவசாயிகளின் கடனைத் தள்ளுபடி செய்தது. 2021-இல் தமிழ்நாட்டுச் சர்க்கார் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனை நீக்கியது. இரண்டும் பெரும் உதவிகளே. ஆனால் அவை பாங்கிகளிலும் சங்கங்களிலும் கணக்கு உடையவரையே சேர்ந்தன. தனியாரிடம் கந்து வட்டிக்கு வாங்கியவரின் சுமை அப்படியே நின்றது.

தாம்பரத்தைச் சுற்றிலும் வயல்கள் மனைகளாகிவிட்டன. மேற்கே மணிமங்கலம், சோமங்கலம் பக்கங்களில் இன்றும் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. நகரத்தை ஒட்டிய இத்தகைய இடங்களில் நிலத்திற்கு உடையவர் ஒருவராகவும், ஏர் பிடிப்பவர் வேறொருவராகவும் இருத்தல் இயல்பு. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணைப்படி கட்டுவோருக்கு வட்டியே இல்லை. ஆயினும் அடங்கலில் தம் பெயர் இல்லாத குத்தகைதாரர் அச்சங்கத்தின் படியேறத் தயங்கி வட்டிக்கடையை நாடுகிறார்.

சட்டம் இவரைக் கைவிட்டுவிடவில்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கிசான் கடன் அட்டைத் திட்டம் வாய்மொழிக் குத்தகைதாரரையும் ஏற்கிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடுக்கும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. நியாயமான வட்டியுடன் தொகையைக் கோர்ட்டில் கட்டிக் கடனைத் தீர்க்கவும் இடமளிக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டப்படி, சாதாரணக் கடன் டிக்ரிக்காக விவசாயியின் குடியிருப்பு வீட்டையும், பிழைப்பிற்கு வேண்டிய உழுகருவி, மாடு, விதைத் தானியம் ஆகியவற்றையும் ஜப்தி செய்தலாகாது.

குத்தகையைப் பதிந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உடையவர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. சாகுபடிக் குத்தகைதாரருக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளித்திருக்கிறது. ஆனால் அப்பாதுகாப்பு பதிவேட்டினால் உண்டாவதன்று. தம் உழைப்பால் சாகுபடி செய்பவருக்குச் சட்டமே தருவது. எழுத்தில்லாமை குத்தகைத் தொகை, பாக்கி ஆகியவற்றில் உடையவருக்கும் வழக்கையே விளைவிக்கும். மேலும், களத்து நெல் வட்டிக்காரரிடம் போகுமானால் குத்தகை நெல் எங்கிருந்து வரும்? வட்டியில்லாக் கடன் பெற்ற குடியானவரே குத்தகையைக் குறித்த காலத்தில் அளப்பவர்.

கிராம நிர்வாக அலுவலர் பயிராய்வின்போது வயலில் நின்று, உண்மையாகச் சாகுபடி செய்பவரை விசாரித்து அடங்கலில் எழுதுதல் வேண்டும். 2015 டிசம்பரில் நேர்ந்தது போன்ற பெருவெள்ளம் அடையாற்றுப் பக்கத்து வயல்களை மூழ்கடிக்கும் காலத்தில், நஷ்டப்பட்டவர் எவர் என்பதை அந்த ஏட்டைக் கொண்டே சர்க்கார் அறியும். உடையவர்கள் குத்தகையை எழுத்தில் வைத்து, அளந்த நெல்லுக்கு ரசீது கொடுப்பார்களாக. குத்தகைதாரர் அடங்கல் நகலையும் கடன் ரசீதுகளையும் பத்திரப்படுத்துவாராக. அடுத்த நிவாரணம் எந்த ஆண்டில் வருமோ அறியோம். அது வரும்பொழுது ஏர் பிடித்தவரின் பெயர் ஏட்டில் இருக்கச் செய்வது இன்றைய வேலையாகும்.