அரைத்தாளில் பங்கு பிரித்தவர்கள்



இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஏன் பகைத்துக்கொண்டன? முதலாளித்துவமும் கம்யூனிசமும் ஒத்துப்போகாது என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். நம் மேடைகளிலும் அதே பாட்டுத்தான். ஒரு சாராருக்கு அமெரிக்கா சுதந்திரத்தின் காவலன், மறு சாராருக்கு ஸ்டாலின் தொழிலாளியின் காவலன்.

1944 ஒக்டோபரில் மொஸ்கோவில் நடந்ததைப் பாருங்கள். போர் இன்னும் முடியவில்லை. பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில் ஓர் அரைத்தாளில் எழுதினார்: ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90 வீதம், கிரேக்கத்தில் பிரித்தானியாவுக்கு 90 வீதம், யூகோஸ்லாவியாவில் பாதிக்குப் பாதி. ஸ்டாலின் நீலப் பென்சிலால் சரி போட்டார். தோட்டம் கைமாறும்போது லயத்து ஆட்களையும் கணக்கில் சேர்த்து எழுதுவதுபோல, நாடுகளை மக்களோடு எழுதிக்கொண்டார்கள். கொள்கை அப்போது எங்கே போயிருந்தது?

இரண்டு மாதம் ஆகவில்லை. ஏதென்ஸ் நகரில், நாஜிகளை எதிர்த்து நின்ற கிரேக்க இடதுசாரிப் போராளிகளைப் பிரித்தானியப் படை டாங்கியும் விமானமும் கொண்டு தாக்கியது. ஸ்டாலின் வாய் திறக்கவில்லை. அரைத்தாளில் கிரேக்கம் அவர் பங்கில் இல்லையே! (கிழக்கு ஐரோப்பாவில் அவர் 90 வீதத்தோடு நின்றாரா என்பது வேறு கதை.)

பங்கு பிரித்தவர்கள் பிறகு எல்லைக் கல்லுக்காக மோதிக்கொண்டார்கள். போரில் நொடித்துப்போன பிரித்தானியா கிரேக்கத்தைத் தாங்க முடியாதென்று கைவிரித்தது. 1947 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் 40 கோடி டொலர் கேட்டார். ஜூனில் மார்ஷல் உதவித் திட்டம் அறிவிக்கப்பட்டது. தம் பக்கத்து நாடுகள் அதில் சேராதபடி ஸ்டாலின் தடுத்தார்.

நமக்கு வலிக்க வேண்டியது இனித்தான். 1945 ஒக்டோபரில் பாரிஸில் உலகத் தொழிற்சங்க சம்மேளனம் பிறந்திருந்தது. 6 கோடிக்கு மேற்பட்ட தொழிலாளரின் பெயரில் பிரித்தானிய, சோவியத், பிரெஞ்சு, அமெரிக்கச் சங்கங்கள் ஒரே மேசையில் இருந்தன. மார்ஷல் திட்டத்தை ஆதரி என்றது ஒரு பக்கம், எதிர் என்றது மறுபக்கம். 1949 ஜனவரியில் பிரித்தானிய, அமெரிக்க, ஒல்லாந்துச் சங்கங்கள் வெளியேறின. ஆண்டு முடிவதற்குள் லண்டனில் இன்னொரு சம்மேளனம். பிரிந்தது சம்பளத்துக்காகவா, வேலை நேரத்துக்காகவா? இரண்டுக்கும் இல்லை. வல்லரசுகளின் சண்டைக்காக. நம் நாட்டுச் சங்கங்களும் அந்தக் கோட்டின் இரு பக்கமும் போய் நின்றன. அவர்கள் வேறு முகாம், சேர்ந்து சம்பளம் பேச முடியாது என்று இன்றும் சொல்லும் தலைவர்களிடம், எந்த முகாம் என்று ஒருமுறை கேளுங்கள்.

அந்த முகாம்கள் தங்கள் தொழிலாளரை எப்படி நடத்தின? 1948இல் பிரான்சில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு, இது மொஸ்கோவின் ஏவல் என்று படையை இறக்கியது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். 1953இல் கிழக்கு ஜெர்மனியில் சம்பளத்தைக் கூட்டாமல் வேலை அளவை மட்டும் 10 வீதம் கூட்டினார்கள். கொழுந்துக் கிலோவைக் கூட்டிவிட்டு அதே பேர் போட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் 16இல் பெர்லின் கட்டடத் தொழிலாளர் வேலையை விட்டு இறங்கினார்கள். மறுநாள் சோவியத் டாங்கிகள் வந்தன. தொழிலாளர் அரசு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அந்த அரசு, அது பாசிஸ்டுகளின் சதி என்று அறிவித்தது.