வாழைப்பட்டைக்கு வந்த வாழ்வு!

மதுரை என்றால் மல்லிகை. மல்லிகை என்றால் நார்.

நூலில் கட்டிய பூ நம் வீட்டுப் பெண்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. வாழை நாரில் கட்டிய சரம்தான் குளிர்ச்சியாக இருக்கும் என்பார்கள். "பூவோடு சேர்ந்து நாரும் மணக்கும்" என்ற பழமொழியும் அப்படிப் பிறந்ததுதானே!

பூ வாடினால் நாரையும் சேர்த்து எறிந்துவிடுகிறோம். ஆனால், அதே வாழை மரத்தின் பட்டை கூடையாக மாறி, கப்பலேறி வெளிநாடு போயிருக்கிறது. அங்கே பெரிய வீடுகளின் கூடத்தில் அமர்ந்திருக்கிறது. ஒரு கூடையில் துணி, ஒரு கூடையில் குழந்தையின் பொம்மை, ஒரு கூடையில் பத்திரிகை.

அதைப் பின்னிய கை எது? நம் மதுரைப் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணின் கை.

கூடை கப்பலேறியது ஆச்சரியம்தான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. கூடை விற்ற காசில் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு வந்தது? அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

ஒரே ஒரு குலை

வாழை ஒரு முறைதான் குலை தள்ளும். குலையை வெட்டியதும் தாய் மரத்தின் வேலை முடிந்துவிட்டது. பக்கத்தில் நிற்கும் கன்று அடுத்த குலைக்குத் தயாராகும். தாய் மரத்தை வெட்டி அப்புறப்படுத்தியாக வேண்டும். அதற்கும் ஆள் கூலி உண்டு.

சோழவந்தான், மேலக்கால் பக்கம் போனால், வைகைத் தண்ணீர் பாயும் இடமெல்லாம் வாழையும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும்தான். இலை ஓட்டலுக்குப் போகும். பழம் சந்தைக்குப் போகும். பூவும் தண்டும் சமையலறைக்குப் போகும். பட்டை மட்டும் வரப்போரத்தில் கிடந்து அழுகும்.

வாழையில் வீணாவது எதுவும் இல்லை என்று மேடையில் பேசுகிறோம். தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும்.

சைக்கிள் சக்கரம்

அந்த மேலக்காலைச் சேர்ந்தவர் முருகேசன். விவசாயக் குடும்பம். வீட்டில் கஷ்டம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் தகப்பனாருடன் வயலில் இறங்கினார்.

ஊரில் ஒருவர் வாழை நாரில் பூக்கட்டுவதைப் பார்த்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பூவைக் கட்டும் நாரைக் கயிறாகத் திரித்தால் என்ன? இது நடந்தது 2008-ம் ஆண்டு.

முதலில் தேங்காய் நாருக்கு உள்ள இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார். சரிப்பட்டு வரவில்லை. அப்புறம் சைக்கிள் சக்கரத்தை வைத்துத் தானே ஒரு முறுக்கும் இயந்திரம் செய்தார். அதைத் திருத்தித் திருத்திப் பெரிய இயந்திரமாக ஆக்கினார். 2021-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிரதமர் தம் வானொலி உரையில் இவர் பெயரைச் சொன்னார்.

இவர் தொழிலில் ஒரு விசேஷம். பெண்கள் நாரை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அடுப்பு வேலை முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து கயிறு திரிக்கலாம், கூடை பின்னலாம். கைக்குழந்தையை விட்டுவிட்டு எங்கும் போகவேண்டியதில்லை.

பெங்களூரில் இருந்து வந்தவர்கள்

இன்னொரு பக்கம், 1994-ம் ஆண்டு பெங்களூரில் 'இண்டஸ்ட்ரீ' என்ற ஸ்தாபனம் பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் நீலம் சிப்பர். ஆமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில் படித்தவர். அவரோடு கைகோத்தவர் கீதா ராம். கைவினைப் பொருள்கள் மீது பற்று உள்ளவர்.

கிராமத்துக் கைவேலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பட்டணத்து வீட்டுக்கு எது பொருந்தும் என்று கிராமத்துக்குத் தெரியாது. கிராமத்தில் என்ன கிடைக்கும் என்று பட்டணத்துக்குத் தெரியாது. நடுவில் இருக்கும் தரகருக்கு இரண்டும் தெரியும். ஆகவே லாபம் அவருக்கு!

இந்த இடைவெளியை அடைக்கத்தான் அவர்கள் புறப்பட்டார்கள். கோரையையும் வாழைப்பட்டையையும் வீட்டு அலங்காரப் பொருளாக மாற்றினார்கள். 'மதர் எர்த்' என்ற பெயரில் கடையும் திறந்தார்கள். 2011-ம் ஆண்டு, இந்தியாவின் சிறந்த சமூகத் தொழில்முனைவோர் என்ற விருது நீலம் சிப்பருக்குக் கிடைத்தது.

ஆனால், விருதைவிடக் கவனிக்க வேண்டியது வேறு. பின்னும் பெண்களே பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனி ஒன்றை அவர்கள் தமிழ்நாட்டில் உருவாக்கினார்கள். பெயர் 'கிரீன்கிராஃப்ட்'. மதுரை வட்டாரப் பெண்கள் அதில் வாழைப்பட்டைக் கூடை பின்னினார்கள். வாங்கியது யார் தெரியுமா? 'ஐகியா'! 1943-ம் ஆண்டு சுவீடன் நாட்டில் ஒரு 17 வயதுப் பையன் தொடங்கிய கடை அது. இன்று உலகம் முழுவதும் கிளை விரித்திருக்கும் வீட்டுச் சாமான் கம்பெனி.

கூலிக்காரியா, பங்காளியா?

பங்குதாரர் என்றால் என்ன? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பேச்சுக்கு, ஒரு கூடை கடையில் 1,000 ரூபாய்க்கு விற்கிறது என்று வையுங்கள். பின்னிய பெண்ணுக்குக் கூடைக்கு இவ்வளவு என்று ஒரு கூலி. அதோடு சரி. கூடை 1,000-க்கு விற்றாலும் 2,000-க்கு விற்றாலும் அவள் கூலி மாறாது. விலையை வைப்பவர் வேறு. விரலைத் தேய்ப்பவள் வேறு.

இதை மாற்ற ஒரு சட்டம் இருக்கிறது. 2002-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தில் திருத்தம் செய்து, 'உற்பத்தியாளர் கம்பெனி' என்ற புது ரகத்தைக் கொண்டுவந்தார்கள். விவசாயிகள், நெசவாளர்கள், கைவினைஞர்கள் குறைந்தது 10 பேர் சேர்ந்தால் போதும், ஒரு கம்பெனி தொடங்கலாம். பங்கு உற்பத்தியாளர் கையில்தான் இருக்க வேண்டும். வெளியார் பணத்தைக் கொட்டி வளைத்துப்போட முடியாது. ஒருவரிடம் எத்தனை பங்கு இருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். லாபம் வந்தால், கம்பெனிக்கு யார் எவ்வளவு சரக்குக் கொடுத்தாரோ அந்தக் கணக்கில் போனஸ்.

அதாவது, அவள் கூலிக்காரி மட்டும் அல்ல, பங்காளி!

"கிராமத்துப் பெண்களுக்குக் கணக்கு வழக்கு தெரியுமா?" என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் அழகர்கோயில் பக்கம் புல்லுச்சேரிக்குப் போய் விசாரிக்கட்டும். அந்த ஊர் சின்னப்பிள்ளை அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. களஞ்சியம் இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்களைச் சேமிக்க வைத்தவர். பிரதமர் வாஜ்பாய், விருது கொடுக்கும் மேடையில் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ம் ஆண்டு பத்மஸ்ரீ பட்டமும் வந்தது. மதுரைப் பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் புதிதாக வரவேண்டியதில்லை. அந்தக் கணக்கை அவர்களிடம் காட்டினால் போதும்.

கூடை பின்னுவது சும்மா அல்ல

பட்டையை மடல் மடலாக உரிக்க வேண்டும். வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். வெள்ளை, பழுப்பு, கருமை என்று நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். பிறகுதான் கிழித்து, முறுக்கி, அச்சில் வைத்துப் பின்னுவது.

உள்ளூர் சந்தையில் ஒரு கூடை கொஞ்சம் கோணலாக இருந்தால் பேரம் பேசி வாங்கிப் போய்விடுவோம். வெளிநாட்டு ஆர்டரில் அது நடக்காது. நூறாவது கூடையும் முதல் கூடை மாதிரியே இருக்க வேண்டும். அளவில் கொஞ்சம் பிசகினாலும் தள்ளுபடி.

ஈரம்தான் பெரிய எதிரி. பட்டை அரைகுறையாகக் காய்ந்திருந்தால், கப்பலில் போகிற வாரக் கணக்கில் பூஞ்சணம் பூத்துவிடும். ஊர் போய்ச் சேரும்போது கூடை கறுத்திருக்கும். உழைப்பெல்லாம் பாழ்.

ஒரு கையை நம்பி

நல்லது நடக்கும்போது குறையைச் சொல்வது பத்திரிகைக்காரன் புத்தி என்று சிலர் நினைக்கலாம். பரவாயில்லை, சொல்லிவிடுகிறோம்.

கூடைக்கு வெளிநாட்டுக்காரர் ஒருவர்தான் பெரிய வாடிக்கை என்றால், அங்கே ரசனை மாறும் நாளில் இங்கே உலை கொதிக்குமா? இந்த வருஷம் வாழை நார்க் கூடை. அடுத்த வருஷம் வேறு நாட்டில் இருந்து வேறு புல், வேறு நார். வாங்குகிறவர் கைமாற ஒரு கடிதம் போதும்.

வீட்டிலேயே வேலை என்பதிலும் சங்கடம் உண்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம், உண்மை. ஆனால், எட்டு மணி நேரம் உழைத்தாளா, பன்னிரண்டு மணி நேரம் உழைத்தாளா என்று யார் கணக்கு வைப்பது? பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பின்னினால்? ஆலைத் தொழிலாளிக்கு வைப்பு நிதி, மருத்துவ வசதி எல்லாம் உண்டு. திண்ணைத் தொழிலாளிக்கு? 'சமூக அக்கறை' என்று சீட்டு ஒட்டி விற்கும் எந்தக் கம்பெனியும் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

வாங்குகிறவர்கள் கேட்டால் பதில் வரும். அதற்கு ஐகியாவே சாட்சி. 1990-களில் கம்பள நெசவில் குழந்தைகள் வேலை செய்வது டெலிவிஷனில் வெளிவந்தபோது அந்தக் கம்பெனிக்குப் பெரிய தலைகுனிவு ஏற்பட்டது. அதற்குப் பிறகுதான், சரக்குக் கொடுப்பவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்று 2000-ம் ஆண்டு விதிமுறை எழுதினார்கள். கேள்வி எழுந்த பிறகுதான் பதில் வந்தது!

நம் வீட்டில் என்ன இருக்கிறது?

இப்போது நம் வீட்டைப் பார்ப்போம். அழுக்குத் துணிக்குப் பிளாஸ்டிக் கூடை. வெங்காயத்துக்குப் பிளாஸ்டிக் தட்டு. பூஜைப் பூவுக்கும் பிளாஸ்டிக் கிண்ணம். இதை எழுதுகிறவர் வீட்டிலும் அப்படித்தான். வேறு வீட்டைக் குறை சொல்லவில்லை. ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் தடை செய்தார்கள். கூடையும் வாளியும் அந்தத் தடையில் வரவில்லை. ஆனாலும் விளிம்பு உடைந்தால் அதுவும் குப்பைதான்.

பட்டைக்கூடை விலை கூடுதல் என்று சொல்வார்கள். ஆமாம், கூடுதல்தான். இயந்திரம் நிமிஷத்தில் துப்பும் கூடையும், ஒரு பெண் மணிக்கணக்கில் பின்னும் கூடையும் ஒரே விலைக்கு வருமா? எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். ஒரு கூடை, ஒரே ஒரு கூடை வாங்குங்கள். வாங்கும்போது கடைக்காரரிடம், "இதைப் பின்னியவருக்கு என்ன கிடைக்கும்?" என்று கேளுங்கள். அவர் விழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

இது நமக்குப் புது விஷயமும் அல்ல. டி.வி.எஸ். ஸ்தாபகர் சுந்தரம் அய்யங்காரின் மகள் டாக்டர் சௌந்தரம் அம்மையார், தம் கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் சேர்ந்து 1947-ம் ஆண்டு சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினார். கதரும் கைத்தொழிலும் வளர அங்கே பாடுபட்டார்கள். பெரிய கம்பெனி வீட்டுப் பெண் கிராமத்தில் போய் உட்கார்ந்த வரலாறு மதுரைச் சீமையிலேயே இருக்கிறது.

அரசாங்கத்துக்கும் வேலை இருக்கிறது. 2022-ம் ஆண்டு மதுரை ரயில் நிலையத்தில் சுங்குடிச் சேலைக்கு ஒரு கடை போட்டார்கள். வண்டிக்குக் காத்திருப்பவர்கள் நின்று பார்த்தார்கள், வாங்கினார்கள். அதுபோல வாழைப்பட்டைக் கூடைக்கும் ஓர் இடம் கொடுக்கலாம். பூம்புகார் கடைகளில் முன்வரிசையில் அடுக்கலாம். அரசு விருந்தினர் மாளிகைகளுக்கு நூறு கூடை வாங்கினால் கஜானா காலியாகிவிடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஐப்பசி பிறந்தால் மழை. காயவைத்த பட்டை நனைந்தால் அன்றைய கூலி போச்சு. மழை நிற்கும் வரை வேலையே இல்லை. வாழை விளையும் ஊர்களில், பின்னும் பெண்கள் இருக்கும் இடமாகப் பார்த்து, கூரை போட்ட உலர்களம் கட்டிக்கொடுக்க வேண்டும். பெரிய செலவு அல்ல. பஞ்சாயத்து நினைத்தால் இந்த மழைக்கு முன்பே கட்டிவிடலாம்.