கரண்ட் வந்தால் போதும் என்றிருந்தோம்

ஹேவாஹெட்டயில் இருந்துகொண்டு கடலைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கண்டிச் சீமைக்காரருக்குக் கடல் என்பது பள்ளிப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிப்போய்க் காட்டிவரும் இடம், அவ்வளவுதான். ஆனால் இலங்கையைச் சுற்றியுள்ள கடலில் காற்றாலை நிறுவினால் 56 கிகாவாட் வரை மின்சாரம் எடுக்கலாம் என்று உலக வங்கி 2023இல் கணக்குப் போட்டுச் சொன்னது. நாட்டில் இப்போதுள்ள மின்நிலையங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். இதைப் பற்றி நம் சங்கக் கூட்டத்தில், வாசிகசாலையில், கோயில் திண்ணையில் யாராவது வாய் திறந்தோமா? 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் இருட்டில் கிடந்தபோது திட்டினோம். 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கியது என்றபோது சிரித்தோம். கரண்ட் வந்ததும் மறந்தோம்.

மறதி நமக்குப் புதிதல்ல. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை போட்ட லூல்கந்துர நமக்குப் பக்கத்துத் தோட்டம். வருகிறவருக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்கிறோம். ஓடையை வாய்க்கால் வெட்டித் திருப்பி, இரும்புக் குழாயில் இறக்கி, ஸ்டோருக்குப் பின்னால் டர்பைன் சுழற்றி, அந்த விசையில் ரோலர் ஓட்டிய மலைநாட்டுத் தோட்டங்களின் கதையைச் சொல்வதில்லை. தேசிய மின்கம்பி வந்ததும் அவற்றில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. வாய்க்காலில் புல் மண்டியது, குழாய் துருப்பிடித்தது. துரைமார் விட்டார்கள் என்பது பாதி உண்மை. ஏன் விட்டீர்கள் என்று நாம் கேட்கவில்லை என்பது மீதி.

இன்று ஸ்டோரில் கொழுந்து வாட்டும் நீளத் தொட்டிகளுக்கு மின்விசிறிகள் மணிக்கணக்காகக் காற்று ஊதுகின்றன. சம்பளப் பேச்சு எழுந்தால் கம்பனிகள் உற்பத்திச் செலவைக் காட்டுகின்றன. அந்தச் செலவில் கரண்ட் பில்லும் உண்டு. மழை பொய்த்து விக்டோரியாவும் ரந்தெனிகலவும் வற்றினால் நுரைச்சோலையில் நிலக்கரியும் மற்ற நிலையங்களில் எண்ணெயும் எரிய வேண்டும், பில் ஏறும். ஆகவே கடற்காற்று நம் லயத்து விஷயமும்தான்.

நம் இன்னொரு குற்றம் அந்த மறதியைவிடப் பெரிது. 2020 டிசம்பரில் மன்னாரில் ‘தம்பபவனி’ திறந்தார்கள்: 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். அடுத்து வந்த 484 மெகாவாட் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. அதே ஆண்டு ஆகஸ்டில், புதிய காற்றாலைகள் வேண்டாம் என்று மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். வெள்ளம் வடிய வழியில்லை, மீன்பாடு குறைகிறது என்றார்கள். நாம் அதைத் தொலைபேசியில் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டோம். 1977லும் 1983லும் கலவரங்களில் அடிபட்டு இங்கிருந்து வடக்கே போன நம் சொந்தங்களும் வன்னியிலும் மன்னாரிலும் வாழ்கிறார்கள் என்பதுகூட நினைவுக்கு வரவில்லை.

கரையில் நடாமல் கடலுக்குள் நட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. மன்னார்ப் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது. அடித்தளம் போடச் செலவு குறையும். ஆனால் அங்கேதான் சிறுவள்ளக்காரர்கள் வலை போடுகிறார்கள். அவர்களை உட்காரவைத்துப் பேசி முடித்த பிறகே தூண் இறங்க வேண்டும். அதைச் சொல்ல மலையிலிருந்தும் குரல் வேண்டும்.

மின்கட்டணம் மாற்றும் முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கிறது. அடுத்த முறை ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஒரு கடிதமாவது, தமிழிலேயே, எழுதி அனுப்புவோம்.